ஏன் கெலச மாட்தீரா?

எனக்கு நாள் தள்ளிப்போவதைக் காலண்டர் சொல்வதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் ஒரு திங்கள்கிழமை. பெங்களூர் அல்சூரில் பஸ் பிடித்து, வழக்கம்போல் லேபுக்குப் போய்க் கதவைத் தள்ளினேன். சைலீன் என்ற கரைப்பானின் வாடை முகத்தில் அறைந்தது. ஆறு வருடமாக அதே அறையில்தான் நிற்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு வாரம் அந்த வாடை தெரிந்தது. அப்புறம் மூக்கு பழகிப்போய்த் தெரியாமலே இருந்தது. அன்றைக்கு மட்டும், புதிதாக வேலைக்கு வந்தவளைப் போல வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நான் ஹிஸ்டோபதாலஜி டெக்னீஷியன். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த சதைத் துண்டு ஃபார்மலின் பாட்டிலில் எங்களிடம் வரும். அதை ஆல்கஹாலில் போட்டு நீரை வெளியேற்றி, சைலீனில் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். சீவியதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, மறுபடியும் சைலீனில் மெழுகைக் கரைத்து, சாயமேற்றித் தந்தால்தான் டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியும். வெளியில் யாராவது கேட்டால் இவ்வளவையும் சொல்வதில்லை. "லேபில் வேலை" என்று முடித்துக்கொள்வேன். அந்த இரண்டு சொற்கள் எனக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை.

பரிசோதனையில் இரண்டு கோடு வந்ததும் குடியாத்தத்திலிருந்து அத்தை போனில் சொன்ன முதல் வார்த்தை, "மூன்று மாதம் முடியட்டும். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே. கண் பட்டுவிடும்." என் அம்மாவும் அதையேதான் சொன்னார். தங்காமல் போன பிள்ளைகளின் கணக்கு இரண்டு குடும்பங்களிலும் உண்டு. வெளியே சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் இல்லையென்று சொல்லும் கொடுமையைப் பார்த்தவர்களின் எச்சரிக்கை அது. மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உடலின் கணக்கு வேறு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல், கரு உருவான நான்காவது வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் இதயம், கை, கால், முகம் என்று முக்கியமானதெல்லாம் உருப்பெற்றுவிடுகிறது. வேலை இடத்தில் ஒன்றைத் தவிர்க்க வேண்டுமென்றால் தவிர்க்க வேண்டிய நாள்கள் அவைதான். நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரியாக அந்த நாள்களில்தான்.

ஏழாவது வாரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். என் டோக்கன் 43. உள்ளே இருந்த நேரம் நாலைந்து நிமிடம். எடை, ரத்த அழுத்தம், ஃபோலிக் ஆசிட் மாத்திரை, ஸ்கேனுக்குத் தேதி. எழுந்திருக்கும்போது, "வேலைக்குப் போகிறீர்களா?" என்றார் டாக்டர்.

"ஆமாம் டாக்டர், லேபில்."

"எக்ஸ்ரே அறைப் பக்கம் போகாதீர்கள்."

"சரி டாக்டர்."

எக்ஸ்ரே அறை எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது இரண்டாவது மாடி. படியிறங்கும்போது சிரிப்பு வந்தது, வீடு வந்து சேர்வதற்குள் கோபமாகிவிட்டது. யார் மேல் கோபம் என்று மட்டும் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே அறையில் இருக்கும் தோழி என்னைவிடப் பாதுகாப்பாக இருந்தாள். அவள் மார்பில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டை குத்தியிருக்கும்; அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அனுப்பி அளவு பார்ப்பார்கள். கர்ப்பம் என்று அவள் தெரிவித்துவிட்டால், மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி இருக்கிறது. கதிர்வீச்சு என்றால் டாக்டருக்கும் பயம், நிர்வாகத்துக்கும் பயம். எங்கள் அறையில் ஆவியை அளக்க ஒரு பட்டையும் இல்லை. இருந்த ஒரே கருவி என் மூக்கு. அதுவும் ஆறு வருடம் தூங்கிவிட்டு இப்போதுதான் விழித்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது துணிந்து கேட்டேன். "டாக்டர், நான் கெமிக்கலில் வேலை செய்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படிப் பயமாக இருந்தால் வேலையை விட்டுவிடலாமே? வீட்டுக்காரர் வேலை பார்க்கிறார் அல்லவா?"

வீட்டுக்காரர் வேலை பார்க்கிறார்தான். அவருடைய சம்பளம் வாடகைக்கும் வீட்டுக்கடனுக்கும் போகிறது. குடியாத்தத்தில் அத்தையின் மருந்துச் செலவு என் சம்பளத்தில் நடக்கிறது. இதையெல்லாம் 43-ஆம் டோக்கனின் நேரத்துக்குள் எப்படிச் சொல்வது? "விட முடியாது, டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் இரக்கப்பட்டு மருத்துவமனைத் தாளில் ஒரு வரி எழுதித் தந்தார். கர்ப்பிணி, லேசான வேலை தரவும். கையெழுத்து, முத்திரை.

அந்தத் தாளை அடுத்த நாள் மேலாளரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் கிடையாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேசான வேலை என்றால் என்ன? எங்களிடம் அப்படி ஒரு வேலை இல்லையே. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் தாளைக் காட்டி எங்களைக் கேட்பார்கள். பேசாமல் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொள், பிரசவம் முடிந்து வா" என்றார்.

பாதுகாப்புக் கேட்டு வாங்கிய தாள் ஏழு மாதச் சம்பளத்தைக் கேட்டது. "லேசான வேலை" என்பதற்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பொருளும் கொடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் புரிந்தது. மேலாளருக்கு வசதியான பொருள், நான் வீட்டில் இருப்பது.

அந்த வாரம் தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்குப் போனில் தேடித் தேடிப் படித்தேன். பின்லாந்தில் ஆய்வகப் பெண்களைப் பற்றி 1994-இல் வந்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. டொலுயீன், சைலீன், ஃபார்மலின் ஆகியவற்றை வாரத்தில் பல நாள்கள் கையாண்டவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாகக் காணப்பட்டது என்றது. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருக்கிறது என்பதும் தெரியவந்தது. கர்ப்பிணிகள் இரவு இரண்டு மணிக்கு இப்படிப் படிக்கக் கூடாது. படித்ததில் நன்மையும் ஒன்று உண்டு. அளவு, நாள்கள், காற்றோட்டம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கேட்டிருந்த கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நான் என் டாக்டரிடம் பதில் சொல்லியிருக்கவில்லை என்பது புரிந்தது.

சுதந்திர தின விடுமுறையன்று சமையலறை மேசையில் உட்கார்ந்து என் ஒரு நாளை எழுதினேன். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ஃபார்மலின் பாட்டில்களைத் திறந்து டாக்டருக்கு மாதிரிகளை எடுத்துக்கொடுப்பது. பாட்டில்கள் ஏறத்தாழ நாற்பது. பிறகு மெழுகில் பதிப்பது, சீவுவது. மதியம் சாயமேற்றும் வரிசையில் நிற்பது; திறந்த சைலீன் ஜாடிகள் ஆறு. வெள்ளிக்கிழமைதோறும் பழைய சைலீனைக் கேனில் ஊற்றிவிட்டுப் புதியது நிரப்புவது. அரை மணி நேரம், கேனுக்கு மேல் குனிந்தபடி. ஆவியை உறிஞ்சும் மின்விசிறி போன தீபாவளியிலிருந்து ஓடவில்லை. ஏசி அறை, ஜன்னல் திறக்காது. முகத்தில் சர்ஜிக்கல் மாஸ்க். கையில் மெல்லிய நைட்ரைல் கையுறை. மொத்தம் நிற்பது ஐந்து மணி நேரத்துக்கு மேல். எழுதி முடித்துப் படித்தபோது, ஆறு வருடமாக இதையா செய்துகொண்டிருந்தோம் என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

கூடவே இன்னொன்றும் செய்தேன். ரசாயனம் விற்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று வைத்திருப்பார்கள். 16 பிரிவுகள் கொண்டது. எட்டாவது பிரிவில் காற்றில் எவ்வளவு இருக்கலாம், எந்த மாதிரி கையுறை, எந்த மாதிரி முகமூடி என்று இருக்கும். பதினோராவது பிரிவில் உடலுக்கு என்ன செய்யும் என்பது, கருவுக்கு உட்பட, இருக்கும். எங்கள் லேபில் அவை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கோப்பில் தூசி படிந்து கிடந்தன. சைலீன், ஃபார்மலின் இரண்டின் தாளையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அச்செடுத்து வரச் சொன்னேன்.

அந்த வாரமே அதே டாக்டரிடம் போனேன். வேறு டாக்டரைப் பார் என்று தோழிகள் சொன்னார்கள். எனக்கு என்னவோ அவரிடமே மறுபடி கேட்க வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்ததும், "டாக்டர், நான் வேலையை விடுவதாக இல்லை. எதை நிறுத்தினால் அங்கேயே இருக்கலாம் என்று சொல்லுங்கள்" என்று தாள்களை மேசையில் வைத்தேன். இந்த வாக்கியத்தைப் பஸ்ஸில் நாலு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

படித்தார். முழுவதையும் படித்தார். வெளியே நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இதை முன்பே சொல்லியிருக்கலாமே?" என்றார். நீங்கள் கேட்டிருக்கலாமே என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் கேட்க ஆரம்பித்திருந்தார். சாப்பிடுவது எந்த அறையில்? உங்கள் கோட்டை வீட்டில் துவைக்கிறீர்களா? நீங்கள் இல்லாவிட்டால் அந்த ஜாடிகளை யார் மாற்றுவார்கள்? தலைவலி வருகிறதா, வாரநாளிலா ஞாயிற்றுக்கிழமையிலா? சர்ஜிக்கல் மாஸ்க் தும்மலைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது என்றார். மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சைலீன் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும் என்பது எட்டாவது பிரிவைப் படித்து நான் அவருக்குச் சொன்னது.

"இதுவரை போனதற்கு என்ன அர்த்தம், டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கணக்கில் அன்றைக்குப் பத்து வாரம், சில நாள்கள். டாக்டர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள். கருவின் வயது அதற்கு இரண்டு வாரம் குறைவு. எட்டு வாரம், சில நாள்கள். முக்கியமானதெல்லாம் உருப்பெற்று முடிந்திருந்தது. "ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், உங்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லாது. ஸ்கேனில் பார்ப்போம். இனிமேல் உள்ளே போவதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது" என்றார். ஆறுதல் சொல்வதற்காகப் பொய் சொல்லவில்லை. அதனாலேயே ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம். எத்தனை வாரம், பிரசவத் தேதி எது என்று தொடங்கியது. ஃபார்மலின், சைலீன் திறந்திருக்கும் அறையில் பிரசவம் வரை இவர் பணி செய்யக் கூடாது. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பதிவு, அறிக்கை தட்டச்சு, தகடுகளை வரிசைப்படுத்துதல் ஆகிய பணிகளை முழு நேரமும் செய்ய இவர் தகுதியானவர். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு வாங்கினேன். வேலையைக் காப்பாற்றியது அதுதான். என்ன கூடாது என்பதை மட்டும் சொல்லும் கடிதம் நம்மை வீட்டுக்கு அனுப்பும்; என்ன செய்யலாம் என்றும் சொன்னால் மேலாளர் ஒரு நாற்காலியைத் தேடியாக வேண்டும். எங்கள் மேலாளரும் தேடினார். இரண்டு நாளில் பதிவு மேசைக்கு மாறினேன். என் வெள்ளிக்கிழமை வேலை சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு பையனின் தலையில் விழுந்தது. ஆண் மூக்குக்கு மட்டும் சைலீன் என்ன பன்னீரா? அவன் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. அவனும் ஒரு கடிதம் எழுதினான், அக்டோபரில் மின்விசிறி ஓட ஆரம்பித்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் பார்த்தேன். அப்போது நடப்பில் இருந்தது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு என்று 2017-இல் திருத்தியது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேர் படிக்காதது நான்காவது பிரிவு. கடினமான வேலை, நெடுநேரம் நிற்கும் வேலை, கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய வேலை ஆகியவற்றைக் கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் அவருக்குத் தரக் கூடாது என்கிறது. படித்ததும் மகிழ்ந்தேன், அடுத்த வரி வரை. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கு முன் ஒரு மாதம். இந்தப் பத்து வாரத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. அத்தை முதல் மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்கிறார். சட்டம் கடைசி இரண்டரை மாதத்தில்தான் கண்ணைத் திறக்கிறது. கரு உருப்பெறும் வாரங்களில் ஒரு பெண்ணுக்குத் துணை டாக்டரின் கடிதம் மட்டுமே.

மகள் 2023 மார்ச்சில் பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். அதை வைத்து எதையும் நிரூபிக்க நான் வரவில்லை.

2024 கோடையில், பெங்களூரே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நாள்களில், எங்கள் கீழ்வீட்டுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். அவள் பொம்மனஹள்ளிப் பக்கம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவள், "அக்கா, எனக்கு மூன்றாவது மாதம். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்" என்றாள்.

"என்ன வேலை உனக்கு?"

"செக்கிங் அக்கா. உட்கார முடியாது, அவ்வளவுதான். மற்றபடி சுலபம்."

எனக்கு என் "லேபில் வேலை" நினைவுக்கு வந்தது. காலையில் உள்ளே போனதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல் என்றேன். தைத்து வரும் சட்டையை விரித்து நூல், பொத்தான், தையல் பார்ப்பது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட். பின்னால் நீராவி இஸ்திரி மேசைகள், முதுகெல்லாம் வெந்துபோகும். கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். இதில் ஒன்றையும் அவள் டாக்டரிடம் சொல்லும் விஷயமாகவே நினைக்கவில்லை. சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததை நான் படித்திருந்தேன். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும் என்பதற்கு ஆய்வே வேண்டாம்.

"துணியில் கறை இருந்தால்?"

"ஸ்ப்ரே துப்பாக்கி வைத்து அடித்துக் காற்றில் உலர்த்துவோம். என் மேசையிலேயே இருக்கிறது."

"அதில் என்ன ஊற்றுகிறார்கள்?"

"தண்ணீர் மாதிரி இருக்கும் அக்கா. பெயிண்ட் வாடை அடிக்கும்."

செக்கிங் என்ற சொல்லுக்குள் ஒரு கரைப்பான் துப்பாக்கி ஒளிந்திருந்தது. அந்தத் துப்பாக்கிகளில் பெட்ரோலியக் கரைப்பானும் இருக்கலாம், குளோரின் சேர்ந்த கரைப்பானும் இருக்கலாம். கேனில் ஒட்டியிருக்கும் தாளைப் படமெடுத்து வரச் சொன்னேன். படத்தில் தாளே இல்லை. கேன் மேல் மார்க்கரால் 3 என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

"கான்ட்ராக்ட் ஆளுக்குக் கடிதம் கிடிதம் எல்லாம் செல்லாது என்று சூப்பர்வைசர் சொல்வார் அக்கா" என்று தயங்கினாள். டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. இவளுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தமும் இருந்தது, அதன்மூலம் 26 வாரச் சம்பளமும், கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதமும் உண்டு. இரண்டையும் சொல்லி, விடுப்புப் போட்டு, இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குக் கூடப் போனேன்.

அங்கே இருந்தவர் கன்னட டாக்டர், வயதானவர். அவள் வேலையை எழுதிக் கொண்டுபோன தாளை எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே, நாடி பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார். "ஏன் கெலச மாட்தீரா?"

கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறார். நம் பெண் பெங்களூருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஏன் வேலைக்குப் போகிறாய் என்று கேட்பதாக நினைத்துவிட்டாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, "வாடகை கட்ட வேண்டாமா, சார்?" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர நேரமானது. என் டாக்டர் என்னிடம் கேட்டதும் கடைசியில் அவள் காதில் விழுந்த அந்தக் கேள்விதானே? 1700-இல் இத்தாலியில் ரமஸ்ஸினி என்றொரு மருத்துவர், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள் என எழுதிவைத்தார். முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அன்று அந்த மருந்தகத்தில்தான் கேட்காமலே அந்தக் கேள்வி வந்ததைப் பார்த்தேன்.

அவர் கடிதத்தில் எல்லாம் இருந்தது. கறை நீக்கும் துப்பாக்கியும் அதன் பக்கத்து மேசையும் கூடாது, இஸ்திரிப் பக்கம் கூடாது, உட்கார்ந்து செய்யும் நூல் வெட்டும் வேலைக்குத் தகுதியானவர், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் தடை கூடாது. கன்னடத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டாக எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் எதைப் படிப்பாரோ என்று.

மறுநாள் இரவு எட்டரைக்குக் கதவைத் தட்டினாள். ஸ்டூல் கொடுத்துவிட்டார்களாம். துப்பாக்கி மேசைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். கழிப்பறைக்கு யாரையும் கேட்க வேண்டாமாம்.

"நல்லதுதானே. பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது?"

"டார்கெட் அதேதான் அக்கா. ஒன்றுகூடக் குறைக்கவில்லை." ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டுவதுபோல் கையை வைத்துக் காட்டினாள். "அதற்கு எந்த டாக்டரிடம் போக வேண்டும்?"